மவுஸ், மெனு, சாளரம்: யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

வாசகர் கேள்வி, 6 ஜூலை 2025

மவுஸ், ஐகான், சாளரம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கண்டுபிடித்தது. ஆப்பிள் அதைத் திருடியது. ஆப்பிளிடமிருந்து மைக்ரோசாஃப்ட் திருடியது. வரைகலை இடைமுகத்தின் வரலாறு இவ்வளவுதானே? இதில் பேச வேறு என்ன இருக்கிறது?

6 ஜூலை, இரவு

நிறைய இருக்கிறது. முதலில், மவுஸ் ஜெராக்ஸில் பிறக்கவில்லை. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட்டுக்கு வந்த யோசனை அது. அவருடைய சகா பில் இங்கிலீஷ் 1964-இல் அதைச் செய்து கொடுத்தார். மரப்பெட்டிக்கு அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டதே 1970-இல்தான்.

ஆப்பிள் திருடியது என்பதும் நிற்காது. 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸும் அவருடைய பொறியாளர்களும் அந்த மையத்துக்குள் முன்வாசல் வழியாகத்தான் போனார்கள். ஆப்பிள் பங்குகள் சந்தைக்கு வருமுன்பே 1 லட்சம் பங்குகளை 10 டாலர் வீதம் வாங்கிக்கொள்ள ஜெராக்ஸுக்கு வாய்ப்பு தரப்பட்டது. அந்த உடன்பாட்டின் பேரில்தான் கதவு திறந்தது. அங்கே ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியை உருவாக்கிய குழுவில் இருந்த அடேல் கோல்ட்பர்க், இதையெல்லாம் அவர்களுக்குக் காட்டக் கூடாது என்று மேலதிகாரிகளிடம் கடுமையாக வாதாடினார். மேலிடம் உத்தரவிட்ட பிறகே காட்டினார். திருட்டு என்றால் யார் வீட்டில் யார் கதவைத் திறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு இந்தத் திருட்டு விசாரணையில் ஆர்வம் குறைவு. இந்தத் திரைகள் வருமுன் கணினியில் வேலை செய்தவர்கள் தலையில் எதையெல்லாம் சுமந்தார்கள், அந்தச் சுமை எப்படி, எந்த விலைக்கு இறங்கியது என்பதைத்தான் பேச விரும்புகிறேன்.

7 ஜூலை

நான் கணினியில் எழுதப் பழகியது வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியில். ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமென்றால், பத்தியின் தொடக்கத்தில் கண்ட்ரோல் விசையை அழுத்தி கே, பிறகு பி. முடிவில் கே, கே. போய்ச் சேர வேண்டிய இடத்தில் கே, வி. கட்டளைப் பட்டியலைத் திரையின் மேற்பகுதியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருபத்தைந்து வரித் திரையில் அது எழுதும் இடத்தை விழுங்கிவிடும் என்பதால், பழகியவர்கள் எல்லோரும் அதை மறைத்துவிடுவார்கள். கட்டளைகள் விரல்களில்தான் இருந்தன. இன்றுவரை அவை என் விரல்களை விட்டுப் போகவில்லை.

கோப்புகளின் கதையும் அதுதான். எட்டு எழுத்துக்குள் சுருக்கி வைத்த பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டும். அது எந்த அடைவில், அதாவது எந்தக் கோப்புறையில், இருக்கிறது என்பதையும் வைத்திருக்க வேண்டும். இப்போது நான் எந்த அடைவுக்குள் நிற்கிறேன் என்பதையும் மறக்கக் கூடாது. இவற்றில் எதையும் திரை தானாகச் சொல்லாது. கேட்டால் சொல்லும், அடுத்த கட்டளை வந்ததும் பதில் மேலே உருண்டு மறைந்துவிடும்.

முதன்முதலில் வரைகலைத் திரை ஒன்றின் முன் உட்கார்ந்தபோது என்னை அசைத்தது படங்களின் அழகல்ல. ஒரு கோப்பை எங்கே வைத்தேனோ அது அங்கேயே கிடந்தது. மறுநாள் வந்து பார்த்தாலும் அங்கேயே கிடந்தது. அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு என்னுடையதாக இல்லை.

ஆகவே என் அளவுகோல் இது: ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர் நினைவில் தாங்கிக்கொண்டிருந்ததில் எவ்வளவை இயந்திரம் தன் நினைவகத்தில் ஏற்றுக்கொண்டது?

8 ஜூலை

அந்த இடமாற்றத்துக்கு ஆன செலவைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

ஐபிஎம் 1981-இல் விற்ற தனிக்கணினியின் எழுத்துத் திரை: வரிக்கு 80 எழுத்து, 25 வரி, மொத்தம் 2,000 எழுத்துகள். எழுத்துக்கு ஒரு பைட், அதன் நிறம், பிரகாசம் முதலியவற்றுக்கு இன்னொரு பைட். ஆக 4,000 பைட்டில் முழுத் திரையும் அடங்கிவிடும். எந்த எழுத்து என்ற எண் மட்டும்தான் நினைவகத்தில் இருக்கும். அதன் வடிவத்தைத் தனிச் சில்லு ஒன்று தரும்.

இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1973-இல், பாலோ ஆல்டோவில் சக் தாக்கர் வடிவமைத்த ஆல்டோ கணினியின் திரையில் 606-க்கு 808 புள்ளிகள். தாளைப் போல் நெடுக்கு வாட்டத்தில் நின்ற திரை. மொத்தம் 4,89,648 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் 61,206 பைட். ஆல்டோவின் அடிப்படை நினைவகமே 128 கிலோபைட்தான். அதில் ஏறக்குறைய பாதி, திரையில் தெரிவதைத் தாங்கி நிற்க மட்டும்! போதாததற்கு, அந்தப் புள்ளிகளை ஓயாமல் திரைக்கு அனுப்பும் வேலையையும் அதே செயலிதான் செய்தது. திரை முழுவதும் ஒளிரும்போது அதன் நேரத்தில் பாதிக்கும் மேல் அதற்கே போய்விடும். பெரிய கணக்கு ஓட வேண்டுமென்றால் திரையை அணைத்துவிட்டு ஓட்டினால் வேகமாக முடியும்.

அன்றைய விலையில் ஒருவருக்கு ஒரு கணினி என்பதே ஆடம்பரம். அதன் நினைவகத்தில் பாதியைப் பார்வைக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய ஆடம்பரம். தாக்கரும் அவருடைய சகா பட்லர் லாம்ப்சனும் துணிந்து பந்தயம் கட்டினார்கள்: நினைவகம் மலிவாகும், மனிதரின் நேரம் மலிவாகாது. இந்த வரலாற்றின் நாயகன் யார் என்று கேட்டால் நான் மவுஸைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் என்ற அந்த முடிவைத்தான் சொல்வேன். சாளரம், ஐகான், விதவிதமான எழுத்துருக்கள் எல்லாம் அதன் மேல் எழுந்தவை.

8 ஜூலை, சற்று நேரம் கழித்து

ஒப்பிட ஒரு வரி. 1984-இல் வந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினித் திரை 512-க்கு 342 புள்ளிகள், 21,888 பைட். அதன் நினைவகமும் 128 கிலோபைட்தான். பதினொரு ஆண்டுகளில் பாதி என்பது ஆறில் ஒரு பங்காக இறங்கியது, திரையைச் சிறிதாக்கியதால்.

10 ஜூலை

“அப்படியானால் ஆல்டோவுக்கு முன் திரையில் படமே வரவில்லையா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வந்தது. 1950-களிலேயே அமெரிக்க விமானப்படையின் சேஜ் வான் பாதுகாப்பு அமைப்புக்காக, திரையில் தெரிந்த விமானப் புள்ளியை ஒளித்துப்பாக்கியால் சுட்டிக்காட்டி, இதுதான் என்று கணினிக்குச் சொல்லும் வழி இருந்தது. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் தன் முனைவர் பட்டத்துக்காக எழுதிய ஸ்கெட்ச்பேட் இன்னும் வியப்பானது. ஒளிப்பேனாவால் கோடு போடலாம். இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் கணினியே இழுத்துச் சரிசெய்யும். ஒரு மூலப் படத்தைத் திருத்தினால் அதன் பிரதிகள் எல்லாம் தாமே திருந்தும்.

ஆனால் அந்தக் கணினி திரையைப் புள்ளி புள்ளியாகத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்க வேண்டும். படம் சிக்கலாக ஆக, திரை துடிக்கத் தொடங்கும்.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் முளைத்தன. 1970-களின் தொடக்கத்தில் டெக்ட்ரானிக்ஸ் விற்ற முனையங்களில் படத்தைத் திரைக்குழாயே பிடித்து வைத்துக்கொள்ளும். நினைவகம் தேவையில்லை, துடிப்பும் இல்லை. ஆனால் ஒரு கோட்டை மட்டும் அழிக்க முடியாது. அழித்தால் மொத்தத் திரையும் போய்விடும். மெனு திறந்து மூடுவது அதில் நடக்கக்கூடிய காரியமே அல்ல. இன்னொரு வழி இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கல்வித் திட்டத்துக்காகப் பிறந்த பிளாஸ்மா திரை. 1964-இல் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் மூவரும் கண்டுபிடித்தார்கள். ஏற்றிவிட்ட புள்ளி தானே ஒளிர்ந்துகொண்டிருக்கும், வேண்டிய புள்ளியை மட்டும் அணைக்கவும் முடியும். 1972-இல் வந்த பிளேட்டோ 4 முனையத்தில் 512-க்கு 512 புள்ளிகள், கூடவே விரலால் தொட்டுப் பதில் சொல்லும் வசதி. தொடுதிரை! ஆல்டோவுக்கும் முன்னால், பாடம் படிக்கும் மாணவர்களின் கையில். இதை யாரும் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

13 ஜூலை

எங்கல்பர்ட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மவுஸைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே வரியில் அவரை அடைத்துவிடுவது எனக்குத் தாங்கவில்லை.

1968 டிசம்பர் 9, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னால் அவர் ஒன்றரை மணி நேரம் வேலை செய்து காட்டினார். கணினி அந்த மண்டபத்தில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், மென்லோ பார்க்கில் இருந்தது. அங்கே சின்னஞ்சிறு திரைகளில் எழுத்துகளை வரையவைத்து, அந்தத் திரைகளைத் தொலைக்காட்சிக் கேமராவால் படம் பிடித்து, அந்தப் படத்தை நுண்ணலை வழியாக மண்டபத்துக்கு அனுப்பினார்கள். திரைக்கு நினைவகம் தர வசதி இல்லாத காலத்தில் கேமராவை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். இந்தக் காரியத்தைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் பொங்குகிறது.

காட்டியது என்னென்ன? ஒரு சொல்லைச் சுட்டினால் இன்னோர் ஆவணத்துக்குத் தாவும் இணைப்பு. ஒரு பட்டியலைச் சுருக்கியும் விரித்தும் பார்ப்பது. தொலைவில் இருக்கும் சகாவின் முகத்தைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்வது.

அவருடைய வலக்கையில் மவுஸ், நடுவில் விசைப்பலகை, இடக்கைக்கு ஐந்து விசைகள் கொண்ட ஒரு கருவி. பியானோ வாசிப்பதுபோல் அந்த ஐந்தையும் வெவ்வேறு சேர்க்கையில் அழுத்தினால் எல்லா எழுத்துகளும் வரும். இதைப் பழக நாளாகும். ஆகட்டும் என்றார் எங்கல்பர்ட். மூன்று சக்கர வண்டியை யாரும் உடனே ஓட்டலாம், சைக்கிளைப் பழக வேண்டும், அதற்காக ஆயுள் முழுவதும் மூன்று சக்கர வண்டியிலேயே போவீர்களா என்பது அவருடைய வாதம். மனிதர் தம் ஆற்றலை வளர்த்துக்கொள்ளக் கருவி வேண்டும், அதற்கு உழைத்துப் பழகுவது கடமை என்று நம்பினார். 1962-இல் அவர் எழுதிய அறிக்கை முழுக்க இதைத்தான் பேசுகிறது.

நான் 7-ஆம் தேதி வைத்த அளவுகோலை அவர் ஏற்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நினைவில் சுமப்பது அவருக்குச் சுமையே அல்ல, தேர்ச்சி. என் விரல்கள் வேர்ட்ஸ்டாரை மறக்காமல் இருப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. வரி நடுவில் கையை எடுக்காமல் எழுதிக்கொண்டு போன வேகம் மவுஸில் எனக்கு ஒருபோதும் திரும்பக் கிடைக்கவில்லை.

13 ஜூலை, இரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி. எங்கல்பர்ட் குழு மவுஸை ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் அசைக்கும் ஒரு கருவி ஆகியவற்றோடு போட்டியிட வைத்துச் சோதித்தது. முடிவுகள் 1967-இல் வெளியாயின. புதியவர்களிடம் மவுஸ் வெல்லவில்லை. அவர்களுக்கு ஒளிப்பேனாவும் முழங்கால் கருவியும்தான் வேகமாக வந்தன. பழகியவர்களிடம்தான் மவுஸ் முந்தியது. எளிமையின் அடையாளமாக இன்று நாம் நினைக்கும் பொருள், பழக்கத்தின் பலத்தால் வென்றது.

14 ஜூலை

கேட்டவருக்கு: ஆம், ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனமும் உருளும் பந்து வைத்த மவுஸ் ஒன்றைத் தானாகவே உருவாக்கி, எங்கல்பர்ட்டின் செயல்விளக்கத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1968 அக்டோபரில் விளம்பரப்படுத்தியது. இரண்டு இடத்திலும் ஒருவரை ஒருவர் அறியாமல் செய்தார்கள். பந்தைக் கையால் உருட்டும் டிராக்பால் இரண்டையும்விட மூத்தது. கனடா கடற்படைக்காக 1952-இல் செய்த ஒன்றில் பௌலிங் விளையாட்டுப் பந்தையே வைத்திருந்தார்கள்.

19 ஜூலை

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ மையத்தில் வேலை செய்த லாரி டெஸ்லர்.

1974-இல் ஆல்டோவுக்காக லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் எழுதிய பிராவோ, திரையில் தெரிவதுபோலவே தாளிலும் அச்சாகும் எழுத்துச் செயலி. அற்புதமான படைப்பு. ஆனால் அதில் கட்டளை நிலை, எழுதும் நிலை என இரண்டு நிலைகள். கட்டளை நிலையில் ஒவ்வோர் எழுத்து விசையும் ஒரு கட்டளை. அந்த நிலையில் இருப்பதை மறந்துவிட்டு, எடிட் என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும் என்பது அங்கே அனைவருக்கும் தெரிந்த கதை. முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது அதை அழிக்கும். மூன்றாவது எழுதும் நிலைக்கு மாற்றும். நான்காவது எழுத்து மட்டும், அழிந்துபோன ஆவணத்தின் இடத்தில் தனியாக வந்து உட்காரும்.

தவறு செய்தவர் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. டெஸ்லர் அதை ஒப்பவில்லை. இயந்திரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனிதர் ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும்? இது அவருடைய வாழ்நாள் கேள்வி. நிலைகள் வேண்டாம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தன் கார் எண் தகட்டிலேயே போட்டுக்கொண்டவர். அவரும் டிம் மாட்டும் 1975-இல், ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காக ஜிப்சி என்ற எழுத்துச் செயலியைச் செய்தார்கள். அங்கே பிரதியைத் திருத்துபவர்கள் தாளை எப்படி வெட்டி, எங்கே ஒட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார்கள். முதலில் பொருளைத் தேர்ந்தெடு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல். எழுத்து விசையைத் தட்டினால் எப்போதும் எழுத்துதான் விழும். வெட்டு, நகலெடு, ஒட்டு என்று நாம் நாள்தோறும் செய்வது அங்கிருந்து வந்தது.

வரிசையைக் கவனியுங்கள். வினை முதலில் வந்தால், பொருள் வரும்வரை இயந்திரம் ஒரு நிலையில் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை நீங்கள் மறந்தால் ஆபத்து. பொருள் முதலில் வந்துவிட்டால் காத்திருப்பே இல்லை. தேர்ந்தெடுத்தது கண்ணெதிரே நிறம் மாறி நிற்கிறது. மனம் மாறினால் அப்படியே விட்டுவிடலாம். இந்த ஒரு திருப்பத்தை நான் மவுஸைவிட உயரத்தில் வைக்கிறேன். டெஸ்லர் 2020-இல் மறைந்தபோது செய்திகளில் இரண்டு நாள் பேசினார்கள். அது போதாது.

20 ஜூலை

ஜெராக்ஸ் கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1981-இன் ஸ்டார் கணினி. மேசை மேல் கிடக்கும் ஆவணங்கள், கோப்புறைகள், உள்ளே வரும் அஞ்சல், வெளியே போகும் அஞ்சல் எல்லாம் ஐகான்களாக. ஐகான் என்ற கருத்தைத் தன் முனைவர் பட்ட ஆய்வில் வளர்த்த டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித் அந்தக் குழுவில் இருந்தார். நகர்த்து, நகலெடு, அழி போன்ற சில கட்டளைகளுக்கு விசைப்பலகையில் தனி விசைகள். எழுத்தானாலும் படமானாலும் கோப்பானாலும் அதே விசைகள்தான் வேலை செய்யும். கற்க வேண்டியது எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள்! இன்றைய எந்த இயங்குதளத்திலும் இவ்வளவு ஒழுங்கை நான் பார்க்கவில்லை.

விலை ஒன்றுக்கு 16,595 டாலர். ஒன்றை மட்டும் வாங்கி ஒன்றும் செய்ய முடியாது. கோப்பு வைக்கவும் அச்சிடவும் வலையமைப்போடு மற்ற கருவிகளும் வேண்டும். தோற்றது அங்கே.

22 ஜூலை

ஆப்பிள் பார்த்து வந்ததை மட்டும் விற்றது என்பவர்களுக்கு பில் அட்கின்சனின் கதையைச் சொல்கிறேன். பாலோ ஆல்டோவில் ஸ்மால்டாக் திரையைப் பார்த்த ஆப்பிள் குழுவில் அவரும் ஒருவர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சாளரங்களில், மறைந்து கிடக்கும் சாளரத்தின் தெரியும் பகுதி மட்டும் தானாகப் புதுப்பிக்கப்படுவதைப் பார்த்ததாக அவர் நம்பினார். எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்காமலே வந்துவிட்டார். முடியும் என்று தெரிந்த பிறகு வழி கண்டுபிடிக்காமல் விடுவாரா? எந்த வடிவத்தில் வெட்டுப்பட்ட பரப்பையும் சுருக்கமாக நினைவில் வைத்து, அதற்குள் மட்டும் வரையும் முறையை உருவாக்கினார். பிறகுதான் தெரிந்தது, ஸ்மால்டாக்கில் அந்த வசதி இல்லவே இல்லை என்பது.

அந்த முறையே குவிக்டிரா என்ற வரைகலை நிரல்தொகுதியின் இதயம். 1983 ஜனவரியில் 9,995 டாலருக்கு வந்த ஆப்பிளின் லிசா கணினியும், 1984 ஜனவரி 24-இல் 2,495 டாலருக்கு வந்த மேக்கின்டாஷும் அதன் மேல் நின்றன. திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழே விரியும் மெனுவும் லிசா காலத்தில் அவர் கைவண்ணம். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், திறந்து பாருங்கள் என்று சொன்ன அந்த மெனுவின் ஓரத்திலேயே விசைச் சுருக்கத்தையும் எழுதி வைத்தார்கள். பழகப் பழக அதற்கு மாறிக்கொள்ளலாம். எங்கல்பர்ட்டின் மாணவருக்கும் அங்கே ஒரு சிறு கதவு திறந்திருந்தது.

22 ஜூலை, இரவு

மெனு ஏன் சாளரத்தில் இல்லாமல் திரை விளிம்பில் இருந்தது என்பதற்கு நல்ல காரணம் உண்டு. பால் ஃபிட்ஸ் 1954-இல் வகுத்த விதிப்படி, ஓர் இலக்கை அடையும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. விளிம்பில் கர்சர் முட்டி நின்றுவிடுவதால், அங்கே உள்ள இலக்கின் உயரம் எல்லையற்றது போலாகிறது. குறி பார்க்காமல் வேகமாகத் தள்ளினாலே போதும்.

முதல் மேக்கின்டாஷின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே இல்லை. மவுஸைத் தொடாமல் தப்பிக்க முடியாதபடி வேண்டுமென்றே விட்டார்கள். இதை நான் ஏற்கவில்லை. புதியவரைக் கைபிடித்து அழைத்துப் போவது நல்லது, பழகியவரின் கையைக் கட்டுவது நல்லதல்ல.

26 ஜூலை

வழக்குகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். சுருக்கமாக: ஆப்பிள் 1985-இலேயே மைக்ரோசாஃப்டுடன் உரிம ஒப்பந்தம் செய்திருந்தது. 1988-இல் வழக்குத் தொடுத்தபோது, நகலெடுக்கப்பட்டதாகச் சொன்ன 189 கூறுகளில் 179 அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. மீதியிலும் ஆப்பிளுக்கு வெற்றி இல்லை. ஜெராக்ஸ் 1989 டிசம்பரில் ஆப்பிள் மேல் போட்ட வழக்கின் பெரும்பகுதி அடுத்த மார்ச்சில் தள்ளுபடியானது.

1985 நவம்பரின் முதல் விண்டோஸில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக நின்றதைக் கேலி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஸ்டாரும் அப்படித்தான் வைத்தது. சாளரங்களை ஒதுக்கி ஒழுங்குபடுத்துவதிலேயே பயனரின் நேரம் போகிறது என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. 1987-இன் இரண்டாம் பதிப்பில் அடுக்கும் சாளரங்கள் வந்தன. மேலே அடுக்கிய சாளரம் கீழே உள்ளதை மறைத்துவிடும், மறைந்தது எங்கே என்று மறுபடியும் நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 திரையின் அடியில் ஒரு பட்டையை வைத்து, திறந்திருப்பது எல்லாம் இங்கே என்று வரிசையாகக் காட்டியது அந்தப் பிரச்சினைக்கான பதில். பதிப்பு 1-ஐத் திட்டுவதைவிட அந்தப் பட்டையைப் பாராட்டுவது பயனுள்ளது.

2 ஆகஸ்ட்

இதுவரை எழுதியதில் பார்வை உள்ளவர்களை மட்டுமே மனிதர் என்று எண்ணி எழுதிவந்திருக்கிறேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அவருக்கு நன்றி. இந்தப் பக்கத்தைப் பேசாமல் இந்த வரலாறு நேர்மையாகாது.

நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் பார்வையற்ற சகா ஒருவர் இருந்தார். எழுத்துத் திரைக் காலத்தில் அவருடைய வேகம் எங்களில் எவருக்கும் இல்லை. காரணத்தை 8-ஆம் தேதிக் குறிப்பிலேயே காணலாம். அந்தத் திரையின் 4,000 பைட்டில் இருந்தவை எழுத்துகளின் எண்கள். ஒரு சிறு நிரல் அவற்றை நேராக எடுத்துக் குரலாக்கிவிடும். கண்ணுக்கும் காதுக்கும் கிடைத்தது ஒன்றேதான்.

வரைகலைத் திரைக்கு அலுவலகம் மாறிய அன்று அவருடைய கணினி ஊமையானது. நினைவகத்தில் இப்போது எழுத்து இல்லை, புள்ளிகள் மட்டும். எது எழுத்து, எது படம், எது பொத்தான் என்று அந்தப் புள்ளிகள் சொல்லாது. மவுஸ் எதைச் சுட்டுகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. பல மாதங்கள், தன்னைவிட மெதுவாக வேலை செய்த எங்களிடம் உதவி கேட்க வேண்டிய நிலைக்கு அவரை அந்த மாற்றம் தள்ளியது. திட்டமிட்டவர்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தீர்வு கண்டவர்கள் செய்தது பெரிய காரியம். நிரல்கள் திரையில் வரையச் சொல்லி அனுப்பும் ஒவ்வொரு கட்டளையையும் இடைமறித்து, எந்த எழுத்து எந்த இடத்தில் வரையப்பட்டது என்று தனியாக ஒரு பதிவை நினைவகத்தில் கட்டி எழுப்பினார்கள். திரைக்குப் பின்னால் காதுக்கென்று இன்னொரு திரை. மேக்கின்டாஷுக்கு 1989-இல் அவுட்ஸ்போக்கன் என்ற திரைவாசிப்பு நிரல் வந்தது. விண்டோஸுக்கு ஜாஸ் என்ற அதே வகை நிரல் 1995-இல் வந்தது. மேக்கின்டாஷ் வெளியானது 1984 என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆல்டோவின் அந்த முடிவை நாயகன் என்று சொன்னேன். இப்போதும் சொல்வேன். ஆனால் புள்ளிகளை நினைவில் வைத்த இயந்திரம், அவற்றின் பொருளை நினைவில் வைக்கவில்லை. அதைச் சேர்த்து வைத்திருந்தால் என் சகாவின் மாதங்கள் வீணாகியிருக்காது. ஸ்கெட்ச்பேடுக்கு, தான் வரைந்தது கோடா, வட்டமா, எதன் பிரதி என்பதெல்லாம் தெரிந்திருந்தது. 1963-இல்!

9 ஆகஸ்ட்

கைபேசிகளைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். 2007-இல் ஐபோன் வந்தபோது விரலால் இழுத்தால் பட்டியல் விரலோடு நகர்ந்தது. சுட்டும் கருவியே தேவையில்லை. அதன் முகப்பில் ஒரே பொத்தான், தொலைந்துபோனால் அதை அழுத்து, வீட்டுக்கு வந்துவிடுவாய். பயமின்றித் துழாவிப் பார்க்க அந்தப் பொத்தான் தந்த தைரியம் மிகப் பெரியது.

2017-இன் ஐபோன் 10-இல் அந்தப் பொத்தான் போய்விட்டது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் வேறொன்று நடக்கும், ஒரு மூலையிலிருந்து இழுத்தால் அறிவிப்புகள், மறு மூலையிலிருந்து இழுத்தால் கட்டுப்பாடுகள். நீண்ட நேரம் அழுத்தினால் இன்னொன்று. எங்கே அழுத்தினால் என்ன வரும் என்று திரையில் பெரும்பாலும் எந்தக் குறியும் இல்லை. மற்றக் கைபேசிகளும் இதே வழியில் போயின. மேசைக் கணினியில்கூட 2011-இன் மேக் ஓஎஸ் லயன், உருட்டுப் பட்டையைத் தேவைப்படும்போது மட்டும் காட்டத் தொடங்கியது. இந்த ஆவணம் எவ்வளவு நீளம், நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தவுடன் சொன்ன பொருளை ஏன் மறைத்தார்கள்?

இது வேர்ட்ஸ்டாருக்குத் திரும்புவதைவிட மோசம். வேர்ட்ஸ்டாரில் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளும் உரிமையாவது இருந்தது. வயதான உறவினர்களுக்குக் கைபேசி சொல்லிக்கொடுக்கும்போது இதை ஒவ்வொரு முறையும் உணர்கிறேன். அவர்களுக்கு நினைவாற்றல் குறைவு என்று வீட்டில் சொல்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. ஆல்டோவின் முழு நினைவகத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு வைத்திருக்கும் கருவி, ஒரு பொத்தானைக் காட்டி வைக்க இடமில்லை என்கிறது.

10 ஆகஸ்ட்

“சின்னத் திரை, அதனால்தான் மறைக்கிறார்கள்” என்ற பதிலைப் பார்த்தேன். முதல் மேக்கின்டாஷின் திரை 9 அங்குலம், கறுப்பு வெள்ளை, புள்ளிகள் இன்றைய கைபேசியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் மெனுப் பட்டைக்கும் உருட்டுப் பட்டைக்கும் இடம் இருந்தது.

17 ஆகஸ்ட்

மூலநிரலைப் பார்க்க முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். முடியும். கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், மேக்கின்டாஷின் படம் வரையும் நிரலான மேக்பெயின்ட், குவிக்டிரா ஆகியவற்றின் நிரல்களை 2010-இலும், ஆல்டோ நிரல்களை 2014-இலும், லிசாவின் நிரலை 2023-இலும் பொதுப் பார்வைக்குத் தந்தது. பில் அட்கின்சன் 2025 ஜூனில் மறைந்தார். அவரை அறிய எனக்குத் தெரிந்த சிறந்த வழி குவிக்டிராவைப் படிப்பதுதான்.

மறைந்த சாளரத்தின் தெரியும் பகுதியை எப்படிச் சுருக்கி வைத்தார் என்பதைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு கிடைவரிசையிலும் உள்ளே, வெளியே என்று மாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்கிறார். முந்தைய வரிசையிலிருந்து எதுவும் மாறவில்லையென்றால் அந்த வரிசைக்குக் குறிப்பே கிடையாது. செவ்வக வடிவச் சாளரம் என்றால் சில எண்களோடு முடிந்துவிடுகிறது. இரண்டு பரப்புகளைக் கூட்டுவதும் கழிப்பதும் அந்தக் குறிப்புகளின் மேலேயே நடக்கிறது. அது மோட்டரோலா 68000 செயலியின் அசெம்பிளி மொழியில் எழுதியது. நான் பாதி தூரம் வந்திருக்கிறேன். இரண்டு பரப்புகளை ஒன்றாக நடத்திச் செல்லும் அந்த உட்சுழலில் பதிவேடுகளைப் பங்கிட்டிருக்கும் விதம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 68000 அறிந்தவர்கள் யாராவது வரி வரியாகச் சேர்ந்து படிக்க வந்தால், இந்த இழையிலேயே தொடரலாம்.